கருவிலிருக்கும் பிள்ளைக்கு மூன்று காவல்கள்

விதைநெல்லில் உள்ள நோயை விதைக்க முன்னரே தடுக்க வேண்டும். பயிரில் கண்ட பின்னர் மருந்தடிப்பது காலம் பிந்திய வேலை. இது கமக்காரருக்கு நாம் சொல்லித் தெரிய வேண்டியதொன்றல்ல. கருவிலிருக்கும் பிள்ளையின் காரியமும் ஏறக்குறைய இப்படித்தான். தாயை அதிகம் வருத்தாத சில தொற்றுநோய்கள் வயிற்றிலுள்ள பிள்ளையைக் கொடுமையாகப் பாதிக்கின்றன. "எனக்கு ஒரு வருத்தமும் இல்லையே, ஏன் கிளினிக்குக்குப் போக வேண்டும்?" என்று கேட்கும் தாய்மார் இதனை அறிந்திருத்தல் அவசியம்.

1. கருத்தரிக்க முன்னர்

ஜேர்மன் சின்னமுத்து எனப்படும் ருபெல்லா, இலேசான காய்ச்சலுடனும் சிறு தழும்புகளுடனும் சில நாட்களில் மாறிவிடும். ஆனால் கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் அது தாய்க்கு வந்தால் கரு அழியலாம். அல்லது பிள்ளை கண்பார்வைக் குறைபாடு, செவிட்டுத்தன்மை, இருதயக் கோளாறு ஆகியவற்றுடன் பிறக்கலாம். இத்தொடர்பை 1941 இல் அவுஸ்திரேலியக் கண் வைத்தியர் நோர்மன் கிரெக் முதலில் எடுத்துக்காட்டினார்.

பிறந்த பின்னர் இக்குறைகளை முற்றாக மாற்றும் மருந்து இல்லை. தடுப்பூசி உண்டு. இலங்கையில் 1996 இல் இது பெண்களுக்குப் போட ஆரம்பிக்கப்பட்டது. கர்ப்பமான பின்னர் இவ்வூசியைப் போடக்கூடாது. போட்ட பின்னர் குறைந்தது ஒரு மாதமாவது கருத்தரிக்காதிருக்க வேண்டும். ஆகவே, திருமணத்துக்கு நிற்கும் பெண்பிள்ளை இவ்வூசியைப் பெற்றாளா என்று இப்போதே விசாரியுங்கள்.

2. கர்ப்ப காலத்தில்

சிபிலிஸ் என்னும் மேகநோய் உடலில் இருந்தும் தாய்க்கு எவ்வித அறிகுறியும் தெரியாதிருக்கலாம். சிகிச்சை பெறாவிடில் கருச்சிதைவு, வயிற்றிலேயே பிள்ளை இறத்தல், நோயுடன் பிறத்தல் ஆகியன நேரலாம். கிளினிக்கில் எடுக்கும் சிறிதளவு இரத்தம் இதனைக் காட்டிவிடும். பெனிசிலின் ஊசி நோயைக் குணமாக்கும். பிரசவத்துக்குக் குறைந்தது ஒரு மாதம் முன்னராவது சிகிச்சை ஆரம்பிக்கப்பட வேண்டும். எவ்வளவு முந்தியோ அவ்வளவு நல்லது. எச்.ஐ.வி. பரிசோதனையும் இவ்வாறே பிள்ளையைக் காக்கிறது.

கணவன்மாருக்கு ஒரு வார்த்தை. இரத்தத்தில் நோய் கண்டால் மனைவி மீது பழி சுமத்தாதீர்கள். நோய் அவளுக்கு உங்களிடமிருந்தே வந்திருக்கவும் கூடும். இருவரும் சேர்ந்து மருந்தெடுக்காவிட்டால் குணமான தாய்க்கு அது திரும்பவும் தொற்றும். வெட்கத்துக்காகப் பிள்ளையைப் பலிகொடுக்கலாமா? இந்தப் பரிசோதனையை ஒழுங்காகச் செய்து வந்ததனாலேயே, சிபிலிசும் எச்.ஐ.வி.யும் தாயிடமிருந்து பிள்ளைக்குப் பரவுவதை இலங்கை ஒழித்துள்ளதாக 2019 இல் உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது.

3. பிரசவ வேளையில்

ஏற்புவலிக் கிருமி மண்ணிலும் மாட்டுச் சாணத்திலும் உண்டு. சுத்தமற்ற கத்தியால் தொப்புள்கொடியை வெட்டினாலோ, அதன்மேல் சாம்பல், சாணம் முதலியவற்றைப் பூசினாலோ அது பிள்ளையின் உடலுள் புகும். முதலிரண்டு நாட்கள் நன்றாகப் பால் குடித்த பிள்ளை பின்னர் வாய் இறுகி, உடல் விறைத்து, பால் குடிக்க முடியாது இறந்துபோகலாம். தாய்க்குப் போடும் ஏற்புவலித் தடுப்பூசி பிள்ளையையும் காக்கும். பிரசவம் ஆஸ்பத்திரியில் நடக்கட்டும்; தொப்புளில் எதனையும் பூச வேண்டாம்.

இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு

இடம் மாறும்போது ஊசிக்கணக்கும் இரத்தப் பரிசோதனை முடிவும் தவறிப்போகின்றன. கிளினிக் அட்டையை அடையாள அட்டையுடன் சேர்த்து ஒரு சொப்பிங் பையில் சுற்றி வைத்திருங்கள். போய்ச் சேர்ந்த இடத்தில் முதல் வேலையாக மருத்துவமாதுவைக் கண்டு பதியுங்கள். அட்டை தொலைந்துவிட்டதென்று ஒதுங்கி நிற்க வேண்டாம். புதிய அட்டை எழுதலாம், இரத்தத்தைத் திரும்பவும் சோதிக்கலாம். மாதவிடாய் தள்ளிப்போனதும் செல்வதே சிறந்தது. பிந்திவிட்டதா? நாளைக்கே செல்லுங்கள்.

வீடும் வயலும் விட்டு வந்தோம். பிறக்கப்போகும் பிள்ளையின் சுகத்தையும் இழக்க வேண்டியதில்லை.