உடும்புக்கு என்ன உணவு?

சித்தூர், திருப்பதி வட்டாரத்தில் பிறந்த நம்மவர்க்கு உடும்பு புதிதல்ல. சேஷாசல மலையடிவாரத்தில் வண்டு, நத்தை, தவளை, எலி, முட்டை எனத் தேடித் தின்று திரியும். அதைப் பிடித்து வளர்ப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். 3 முதல் 7 ஆண்டு வரை சிறை.

நாம் குடியேறிய சில நாடுகளில் ஆப்பிரிக்கச் சவன்னா உடும்பைக் கடையில் விற்கிறார்கள். பிள்ளைகளின் ஆசைக்கு வாங்கியிருந்தால், அன்றாடம் எலியும் கோழிக்கறியும் போடாதீர்கள். மிதமிஞ்சிய கொழுப்பு ஈரலைக் கெடுக்கும். வெறும் கறியில் சுண்ணாம்புச் சத்து போதாமல் எலும்பு வளையும். கடையில் வாங்கிய வெட்டுக்கிளி, கரப்பானில் கால்சியப் பொடி தூவிக் கொடுங்கள். வீட்டுக் கரப்பான் வேண்டாம், பூச்சிமருந்து தின்றிருக்கும். வெயில் போல் சூடு தரும் விளக்கு இல்லாவிட்டால் தின்றது செரிக்காது.

ஊருக்குப் போகும்போது உடும்பைக் கண்டால், பிள்ளைகளுக்குத் தூர நின்று காட்டுங்கள். அங்கே அதற்கு உணவிட நாம் தேவையில்லை. காடு இருந்தால் போதும்.