லயத்துக்குப் பின்னாலுள்ள கான்

தை, மாசியில் இறப்பர் மரங்கள் இலையுதிர்ப்பதைக் கேகாலை, இரத்தினபுரித் தோட்டங்களில் நாம் ஆண்டுதோறும் காண்கிறோம். அச்சருகு சென்று சேருமிடம் லயத்துக் கான். முன்கானை நாள்தோறும் கூட்டுகிறோம். பின்கானை எட்டிப்பார்ப்பார் இலர். மேட்டிலிருந்து வரும் நீரை மறித்து அப்பால் கொண்டுசெல்வதோ அதுவே. அது அடைபட்டால் சித்திரை இடிமழையில் சுவரடி ஊறும், அத்திவாரம் இளகும், மேட்டுமண் கனத்துச் சரியவும் கூடும். 2016 மே 17-இல் அரநாயக்கவில் பெருமழையால் மலை சரிந்து ஊர்களைப் புதைத்ததை நாம் அறிவோம். அத்தகைய பெருஞ்சரிவைக் கான் தடுக்காதுதான். லயத்தின் பின்மேட்டையாவது காக்கும்.

ஆகவே பங்குனிக்குள், கீழ்முனையிலிருந்து மேல்நோக்கிக் கானை வாருவோம். வாரிய மண்ணை மேட்டுவிளிம்பில் குவித்தால் முதல் மழையிலேயே திரும்பிவிடும். காலில் புண்ணுள்ளோர் இறங்கலாகாது; எலிக்காய்ச்சல் இரத்தினபுரிக்குப் புதிதன்று. வெடித்த சீமெந்தைப் பூசித்தருவது மட்டும் தோட்ட நிருவாகத்தின் கடமை. அதைக் கேட்டுப்பெறத் தயங்கவேண்டியதில்லை.