பழைய பிக்கப் வண்டி: முதலில் பழுது, பிறகு அலைன்மென்ட்

காய்கறி, வாழைத்தார், உர மூட்டை என்று எல்லாவற்றையும் சுமக்கும் பழைய பிக்கப் வண்டியில் விரைவில் தளர்வது முன்பக்கம்தான். மண் பாதையின் பள்ளங்கள் தரும் அதிர்ச்சி பட்டை ஸ்பிரிங், கிங் பின், டை ராடு ஆகியவற்றைத் தாக்குகிறது. வண்டி ஒரு பக்கம் இழுக்கும், ஸ்டியரிங் உதறும், டயரின் ஓரம் தேயும். இந்நிலையில் பலரும் நேரே அலைன்மென்ட் செய்யச் செல்கின்றனர். ஆட்டம் கண்ட மூட்டுகளின் மேல் செய்யும் அலைன்மென்ட் நிலைக்காது. முதலில் பழுது நீக்க வேண்டும். முன்பக்கம் முழு அச்சும் பட்டை ஸ்பிரிங்கும் உள்ள வண்டிகளுக்கான முறை இங்கே தரப்படுகிறது.

டயரைப் பார்த்து அறிதல்

முன் சக்கரங்கள் இரண்டும் முன்புறம் சற்றே நெருங்கி, பின்புறம் சற்றே விலகி இருக்க வேண்டும். இதற்கு டோ-இன் என்று பெயர். ஓடும்போது சாலையின் தடை சக்கரங்களை வெளிப்புறமாக விரிக்கப் பார்க்கும். அப்போது அவை நேராக நிற்பதற்கே இந்த நெருக்கம். டோ-இன் மிகுந்தால் இரு டயர்களிலும் வெளி ஓரம் தேயும். சக்கரங்கள் விரிந்திருந்தால் உள் ஓரம் தேயும். ஒரு டயரில் மட்டும் ஓர் ஓரம் தேய்ந்தால் கிங் பின் தேய்வு அல்லது அச்சு வளைவு காரணமாக இருக்கலாம். ஒரே டயரின் இரு ஓரங்களும் தேய்வது காற்றுக் குறைவின் அடையாளம்.

700 மி.மீ. விட்டமுள்ள டயர்களில் முன்புற, பின்புற அளவுகளுக்கு 14 மி.மீ. வித்தியாசம் இருந்தால், ஒரு கிலோ மீட்டர் ஓட்டத்தில் ஒவ்வொரு டயரும் சுமார் 10 மீட்டர் பக்கவாட்டில் உரசுகிறது. புது டயர் சீக்கிரம் வீணாவதற்கு இதுவே காரணம்.

ஆட்டம் பார்த்தல்

பின் சக்கரங்களுக்குக் கட்டை போட்டு, முன் அச்சைத் தூக்கி உறுதியான ஸ்டாண்டில் நிறுத்த வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் நுழையக் கூடாது.

சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து அசைக்க வேண்டும். ஆட்டம் இருந்தால் மற்றொருவர் பிரேக்கை அழுத்தட்டும். ஆட்டம் நின்றால் வீல் பேரிங்கில் தளர்வு. நிற்காவிட்டால் கிங் பின், புஷ் தேய்ந்துள்ளன.

பிறகு வண்டியை இறக்கி, ஒருவர் ஸ்டியரிங்கை இடமும் வலமும் சிறிது அசைக்க, மற்றவர் டை ராடு எண்டுகளைக் கவனிக்க வேண்டும். இந்த மூட்டு கழன்றால் சக்கரம் ஸ்டியரிங்குக்குக் கட்டுப்படாது. எனவே ஆட்டம் கண்ட எண்டை உடனே மாற்ற வேண்டும்.

பட்டைகளில் முறிவு உள்ளதா என யூ போல்ட் அருகே பார்க்க வேண்டும். முன் சக்கர மையத்திலிருந்து பின் சக்கர மையம் வரை இரு பக்கமும் அளந்தால் சமமாக இருக்க வேண்டும். வித்தியாசம் இருந்தால் சென்டர் போல்ட் உடைந்து அச்சு நகர்ந்திருக்கலாம்.

பழுது நீக்கும்போது கவனிக்க

பட்டை மாற்றினால் யூ போல்ட்டும் புதிதாக இருக்கட்டும். சில நாள் ஓடிய பின் மீண்டும் முறுக்க வேண்டும். ரப்பர் புஷ் உள்ள போல்ட்டை வண்டியின் பாரம் சக்கரத்தில் இறங்கிய பிறகே கடைசியாக முறுக்க வேண்டும். தூக்கிய நிலையில் முறுக்கினால் ரப்பர் திருகிக் கிழியும். டை ராடு நட்டில் ஸ்பிளிட் பின் துளை சேராவிட்டால் நட்டைச் சற்று இறுக்கிச் சேர்க்க வேண்டும், தளர்த்தக் கூடாது. பழைய பின்னைத் திரும்பப் போடக் கூடாது. வளைந்த அச்சை நெருப்பில் காய்ச்சி நிமிர்த்துவது ஆபத்து. இரும்பின் வலிமை குறையும்.

டோ-இன் அளத்தல்

சமதளத்தில், பாரமின்றி, இரு டயர்களிலும் ஒரே காற்றளவு வைத்து அளக்க வேண்டும்.

1. சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றி, நடுவில் ஆணியால் மெல்லிய கோடு இழுக்கவும். இரு சக்கரங்களிலும் இவ்வாறு செய்யவும்.

2. வண்டியை இறக்கி, ஸ்டியரிங்கை நேராக்கி, சில அடி முன்னே தள்ளவும்.

3. பின்புறம் அச்சின் உயரத்தில் கோடுகளில் அடையாளமிட்டு, இடைவெளியை அளக்கவும்.

4. அடையாளம் முன்புறம் அதே உயரத்துக்கு வரும்வரை வண்டியை முன்னே தள்ளி மீண்டும் அளக்கவும்.

பின்புறம் 1,302 மி.மீ., முன்புறம் 1,299 மி.மீ. என்றால் டோ-இன் 3 மி.மீ. தேவையான அளவு வண்டிக்கு வண்டி மாறுவதால் அந்த வண்டியின் கையேட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அளவு மாறியிருந்தால் டை ராட்டின் இரு கிளாம்ப்களையும் தளர்த்தி ராட்டைத் திருக வேண்டும். ராடு அச்சுக்குப் பின்னால் இருந்தால், அதை நீட்டினால் டோ-இன் கூடும். முன்னால் இருந்தால் குறைக்கக் கூடும். கிளாம்ப்களை இறுக்கிய பின் மீண்டும் ஒருமுறை அளப்பது அவசியம்.

கிங் பின் புஷ் பொருத்துவது, அச்சு நிமிர்த்துவது ஆகியவை பட்டறை வேலைகள். ஆட்டம் பார்ப்பதும், டோ-இன் அளப்பதும், கிரீஸ் அடிப்பதும் விவசாயிகள் தாமே செய்யக்கூடியவை. கிங் பின்னுக்குக் கிரீஸ் அடிக்கும்போது அச்சைத் தூக்கிப் பாரம் நீக்கினால் கிரீஸ் உள்ளே நன்கு பரவும். அறுவடைக் காலம் தொடங்கும் முன் இவற்றைச் செய்துவிட்டால், சரக்கு ஏற்றிய வண்டி நடுவழியில் நிற்காது.