பெருவிரல் நிமிர்ந்ததா, மடங்கியதா?

நோயாளியைப் படுக்க வைத்து, மழுங்கிய முனையுள்ள ஏதாவது ஒன்றால், ஒரு சாவியானாலும் போதும், உள்ளங்காலின் வெளியோரமாகக் குதிகாலிலிருந்து சுண்டுவிரலின் அடிவரை கீறி, அங்கிருந்து பெருவிரல் பக்கம் வளைப்பார்கள். பெரியவர்களுக்குப் பெருவிரல் கீழே மடங்க வேண்டும். மேலே நிமிர்ந்தால், மூளையிலிருந்து தண்டுவடத்தில் இறங்கும் இயக்க நரம்புப் பாதையில் பழுது இருக்கிறது என்று பொருள். 1896-இல் பாரிஸில் ஜோசப் பாபின்ஸ்கி சொன்ன அடையாளம் இது. கைக்குழந்தைகளுக்கு அந்தப் பாதை இன்னும் முதிராததால், அவர்களுக்கு விரல் நிமிர்வது இயல்பே.

ஆனால் ஒரே காலை இரண்டு மருத்துவர்கள் கீறிப் பார்த்தால் ஒரே பதில் வருமா? பல நேரம் வருவதில்லை. கூச்சம் உள்ளவர் காலையே வெடுக்கென இழுத்துக்கொள்வார். ஒருவர் அழுத்திக் கீறுவார், இன்னொருவர் வருடிவிடுவார். பக்கவாதம் என்று முன்பே தெரிந்தால், பார்க்கும் கண்ணும் நிமிர்வதையே எதிர்பார்க்கும்.

இருவர் பதில்களின் ஒற்றுமையை அளப்பதில் ஒரு சூட்சுமம் உண்டு. 100 நோயாளிகளில் ஆளுக்குப் பத்துப் பேருக்கு மட்டும், காலைப் பார்க்காமலே, 'நிமிர்ந்தது' என்று இரண்டு மருத்துவர்கள் குத்துமதிப்பாக எழுதினாலும், சராசரியாக 82 பேர் விஷயத்தில் இருவர் பதிலும் ஒத்துப்போகும்! இப்படித் தற்செயலாக வரும் ஒற்றுமையைக் கழித்துவிட்டுக் கணக்கிடும் அளவுதான், 1960-இல் ஜேக்கப் கோஹன் தந்த 'கப்பா'. பூஜ்யம் என்றால் வெறும் தற்செயல். 1 என்றால் முழு ஒற்றுமை.

டிமோதி மில்லரும் கிளேபோர்ன் ஜான்ஸ்டனும் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், பாபின்ஸ்கி சோதனைக்குக் கிடைத்த கப்பா வெறும் 0.30. பாதத்தால் தரையை வேகமாகத் தட்டச் சொல்லும் சோதனைக்கோ 0.73. காலில் உண்மையாக இருந்த பலவீனத்தோடு முதலாவது 56 சதவீதமும் இரண்டாவது 85 சதவீதமும் பொருந்தின. எனக்கு இதில் வியப்பில்லை. தட்டும் வேகம் குறைந்திருப்பதைச் சில நொடிகள் நின்று பார்க்கலாம். விரலசைவோ கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும்.

அதற்காகப் பாபின்ஸ்கியை ஒதுக்கிவிட முடியாது. நினைவிழந்து கிடப்பவரிடம் காலைத் தட்டச் சொல்ல வழியில்லை. அங்கே உள்ளங்கால்தான் பேச வேண்டும். அதனால் தேர்ந்தவர்கள் பெருவிரலை மட்டும் பார்ப்பதில்லை. அதன் முதல் அசைவையும், கூடவே தொடைத் தசைகள் இறுகுகின்றனவா என்பதையும் கவனிக்கிறார்கள். சந்தேகம் வந்தால் மறுபடி கீறிப் பார்க்கிறார்கள்.