கான்ட்ரா: எதிர்வரிசை நடனம் கற்பிக்கும் முறை



ஓர் ஊர்மண்டபத்தில் பிடில் இசை ஒலிக்கிறது. எல்லாரும் ஆடுகிறார்கள். புதிதாக வந்த ஒருவர் மட்டும் சுவரோரம் ஒதுங்கி நிற்கிறார். “எனக்கு ஆடத் தெரியாதே, தவறினால் சிரிப்பார்களே” என்ற அச்சம் அவருக்கு. அவரை அன்றிரவே ஆட வைப்பது எப்படி? அமெரிக்காவின் நியூ இங்கிலாந்து வட்டாரத்தில் வழங்கும் கான்ட்ரா நடனம் இதற்கு நல்ல வழி வைத்திருக்கிறது.

இதன் வேர் இங்கிலாந்தின் நாட்டுப்புற நடனம். 1651ஆம் ஆண்டிலேயே ஜான் பிளேஃபோர்டு அந்நடனங்களைத் தொகுத்து நூலாக வெளியிட்டார். 18ஆம் நூற்றாண்டில் அவை அமெரிக்காவில் பரவின. பின்னாளில் நியூ ஹாம்ப்ஷயரைச் சேர்ந்த ரால்ஃப் பேஜ் (1903–1985) என்பவர் அவற்றைக் கற்பித்ததோடு, 1949 முதல் ‘நார்தர்ன் ஜங்கெட்’ என்னும் இதழையும் நடத்தி அவற்றைப் பதிவு செய்தார்.

ஆடுவோர் இரண்டு நீண்ட வரிசைகளாக எதிரெதிரே நிற்பர். இசைக்குழுவின் பக்கமிருந்து நால்வர் நால்வராகப் பிரிவர். ஒவ்வொரு நால்வரிலும் இரண்டு இணைகள். ஒரு சுற்றுக்கு 64 தாள அடிகள். சுற்று முடிந்ததும் முதல் இணை ஓரிடம் கீழே நகரும். இரண்டாம் இணை ஓரிடம் மேலே நகரும். ஆகவே ஒவ்வொரு சுற்றிலும் புதிய இணையைச் சந்திக்கலாம். வரிசைக் கோடியை அடைந்தவர்கள் ஒரு சுற்று காத்திருந்து, மறுபடி சேர்ந்துகொள்வர்.

கற்பிக்கும் அழைப்பாளர் முதலில் இசையை நிறுத்திவிட்டு அனைவரையும் நடக்கச் சொல்வார். ‘டோ-சி-டோ’ என்றால், எதிரில் உள்ளவரை வலத்தோள் பக்கமாகக் கடந்து, அவர் முதுகைச் சுற்றி, முகம் திருப்பாமலே பின்னடி வைத்துப் பழைய இடம் சேர்வது. இதற்கு 8 அடிகள். ‘ஸ்விங்’ என்றால் இருவரும் பிடித்துக்கொண்டு ஒரே இடத்தில் சுழல்வது. தலை சுற்றாமலிருக்க, இணையின் முகத்தைப் பார்த்தபடி சுழல வேண்டும்.

நல்ல அழைப்பாளர் மூன்றைத் தெளிவாகச் சொல்வார்: யாருடன், எந்தக் கையால், எங்கே போய் முடிவது. இவற்றுள் மூன்றாவதே முக்கியம். ஒருவர் இடம் தவறி நின்றால், அடுத்த ஆட்டம் நால்வருக்குமே குலைந்துபோகும். “தவறவிட்டதைத் துரத்தாதீர்கள், அடுத்ததற்கு உரிய இடத்தில் போய் நின்று கை நீட்டுங்கள்” என்பதே புதியவருக்குச் சொல்லும் அறிவுரை. நீட்டிய கையைப் பற்றிக்கொள்ள யாராவது இருப்பார்கள்!

முன்பெல்லாம் ஆண், பெண் என்று சொல்லியே அழைத்தார்கள். இன்று பல ஊர்களில் இணையின் இடப்பக்கத்தவரை ‘லார்க்’ என்றும் வலப்பக்கத்தவரை ‘ராபின்’ என்றும் பறவைப் பெயரால் அழைக்கிறார்கள். யாரும் எப்பக்கமும் ஆடலாம்.

பின்னர் இசை தொடங்கும். ஓர் ஆட்டம் முடியும் முன்பே, அடுத்ததன் பெயரை அழைப்பாளர் சுருக்கமாகச் சொல்வார். பிந்திச் சொன்னால் பயனில்லை. சில சுற்றுகள் சென்றதும் அவர் சொற்களைக் குறைப்பார். பிறகு வாயே திறக்கமாட்டார். ஆட்டமோ நிற்பதில்லை. ஆடுவோர் இப்போது இசையைக் கேட்டே அடுத்ததை அறிகிறார்கள். ஆசிரியரின் குரல் தேவைப்படாமற்போகும் அந்த வேளையே கற்பித்தலின் வெற்றி.

சுவரோரம் நின்றவர் எங்கே? இதோ, வரிசையின் நடுவே, இன்னொரு புதியவருக்குக் கை நீட்டிக்கொண்டிருக்கிறார்.