நம் பொறியை நாமே புதுப்பித்தல்

தமக்கு வேண்டியதைப் பிறர் செய்து தருவார் என்று காத்திராது, தாமே கூடிச் செய்துகொள்வதே கூட்டுறவின் அடிப்படையாகும். திருவள்ளூர் மாவட்டத்து அங்கத்தினர்க்கு இதனை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. நம் நாட்டில் கூட்டுறவுச் சட்டம் பிறந்த 1904ஆம் ஆண்டிலேயே, இம்மாவட்டத்துத் திரூரில் விவசாயிகள் தமக்கெனக் கடன் சங்கம் ஒன்றைக் கண்டனர். அந்தத் தன்னுதவிக் கொள்கை வயலுக்கும் தறிக்கும் மட்டும் உரியதன்று. இக்காலத்தே அங்கத்தினர் பலரும், அவர்தம் மக்களும் இணையத்தில் சொந்தப் பக்கம் வைத்து எழுதி வருகின்றனர். அப்பக்கத்தைத் தாங்கி நிற்கும் பொறியை யார் பராமரிப்பது என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகுந்த பொருள்.

துணியை வாங்குவோர் துணியையே காண்பர். பின்னால் நிற்கும் தறியைக் காணார். இணையப் பக்கமும் அத்தகையதே. படிப்போர் கண்ணுக்கு எழுத்தும் படமும் தோன்றும். அவற்றை அனுப்பித் தருவது எங்கோ ஓரிடத்தில் இரவும் பகலும் இயங்கும் ஒரு கணினி. அதனைச் சர்வர் என்பர். அதில் மென்பொருள்கள் படிப்படியாக அமைந்துள்ளன. அடித்தளமாக நிற்பது டெபியன் போன்ற லினக்ஸ் இயங்குதளம். அதன்மேல், பக்கத்தைக் கேட்போர்க்கு எடுத்தளிக்கும் அப்பாச்சி. எழுத்துகளைச் சேமித்து வைக்கும் மரியாடிபி என்னும் தரவுத்தளம். கட்டளைகளை நிறைவேற்றும் பிஎச்பி. யாவற்றிற்கும் மேலே, நாம் எழுதுவதற்குப் பயன்படும் வேர்ட்பிரஸ். இவற்றுள் ஒன்று பழுதுற்றாலும் பக்கம் நில்லாது.

கும்மிடிப்பூண்டியில் வாழும் நாம், மாதந்தோறும் சிறு வாடகை செலுத்தி, இத்தகைய சர்வர் ஒன்றில் பல்லாண்டுகளாகப் பக்கம் ஒன்றை நடத்தி வருகிறோம். அம்மையார்குப்பம், பொதட்டூர்ப்பேட்டை முதலிய ஊர்களின் முதிய நெசவாளர்கள் தறியைப் பற்றியும் சாயத்தைப் பற்றியும் கூறியவற்றையும், பொன்னேரிப் பக்கத்து உழவர்கள் நெல் வகைகளைப் பற்றிக் கூறியவற்றையும் அதில் எழுதி வைத்தோம். அவ்வாறு கூறியோருள் சிலர் இன்று நம்மிடையே இல்லை. அவர்கள் சொற்கள் வேறெங்கும் அச்சேறவும் இல்லை.

ஆயினும் அப்பக்கத்தின் பொறியை நாம் நெடுநாள் கவனித்தோமில்லை. நன்றாக ஓடும் தறியில் கைவைப்பானேன் என்னும் எண்ணமே காரணம். இவ்வெண்ணம் எத்துணைத் தவறானது என்பதற்கு ஒரு சான்று கூறுவோம். 2017ஆம் ஆண்டு ஜனவரி 26ஆம் நாள் வேர்ட்பிரஸின் 4.7.2ஆம் பதிப்பு வெளிவந்தது. முந்தைய இரு பதிப்புகளில், அயலார் எவரும் உட்புகுந்து பிறர் எழுத்தை மாற்றிவிடத்தக்க ஓட்டை ஒன்று இருந்தது. புதிய பதிப்பு அதனை அடைத்தது. ஓட்டையைப் பற்றிய செய்தியோ பிப்ரவரி முதல் நாளன்றுதான் வெளியிடப்பட்டது. அதற்குள் புதுப்பித்துக்கொண்டவர்கள் தப்பினர். புதுப்பியாதோரின் பக்கங்கள் பத்து இலட்சத்திற்கும் மேல் சில நாட்களிலே சிதைக்கப்பட்டன. மருந்து கைக்கு வந்த பின்னரும் உண்ணாதிருந்ததன் விளைவு அது.

நம் சர்வரில் இருந்தது பிஎச்பியின் 7.4ஆம் பதிப்பு. அதனை இயற்றியோர் 2022ஆம் ஆண்டு நவம்பரோடு அதற்குத் திருத்தம் தருவதை நிறுத்திவிட்டனர். அடுத்த ஆண்டு ஜூன் மாதம் டெபியனின் 12ஆம் பதிப்பு வெளியாயிற்று, பிஎச்பி 8.2 அதனோடு வருவது. இனித் தாமதித்தல் தகாது எனத் துணிந்து, 2023ஆம் ஆண்டு ஆகஸ்டில் நாமே பணியைத் தொடங்கினோம்.

முதற்பணி, இருப்பவை யாவற்றிற்கும் நகல் எடுத்து வைத்தல். இதில் நமக்குக் கவலை இருக்கவில்லை. மாதந்தோறும் தரவுத்தளத்தின் நகல் தானாகவே எடுக்கப்பட்டு வந்தது. எனினும், அந்நகலை வீட்டிலிருந்த பழைய கணினி ஒன்றில் ஏற்றிப் பார்ப்போம் என ஏற்றினோம். திகைத்துப் போனோம்! பக்கம் பக்கமாகக் கேள்விக்குறிகளே நின்றன. தமிழ் எழுத்து ஒன்றேனும் இல்லை. என்றோ எங்கிருந்தோ பார்த்தெழுதிய நகற்கட்டளையில், எழுத்துமுறை லத்தீன்-1 என்று குறிக்கப்பட்டிருந்தது. அந்த அட்டவணையில் 256 இடங்களே உள. அவற்றுள் தமிழுக்கு ஓரிடமும் இல்லை. ஆகவே இடமற்ற எழுத்து ஒவ்வொன்றும் கேள்விக்குறியாக மாறிவிட்டது. அவ்வாறு மாறியதை மீண்டும் தமிழாக்க எவராலும் இயலாது. மூன்றாண்டுகளாகக் காத்து வைத்த நகல்கள் அத்தனையும் வெறும் உமியே. அந்நகலை நம்பிப் புதுப்பிக்கத் தொடங்கி, இடையே சர்வர் பழுதுற்றிருக்குமாயின், அம்முதியோர் சொற்கள் அனைத்தும் அன்றே அழிந்திருக்கும்.

எழுத்துமுறையை யுடிஎஃப்-8 எனத் திருத்திப் புதிய நகல் எடுத்தோம், ஏற்றிப் பார்த்தோம். தமிழ் தமிழாகவே வந்தது. அதன் பின்னரே மூச்சு விட்டோம்.

இரண்டாவது பணி ஒத்திகை. அந்தப் பழைய கணினியிலேயே புதிய பதிப்புகளை அமைத்து நம் பக்கத்தை இயக்கினோம். வெள்ளைத் திரையே தோன்றியது. பிழைப் பதிவேட்டைப் புரட்டியபோது, பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் பழைய கோப்பு ஒன்று ‘ஈச்’ என்னும் கட்டளையை அழைப்பது தெரிந்தது. பிஎச்பியின் 8ஆம் பதிப்பில் அக்கட்டளை நீக்கப்பட்டுவிட்டது. அவ்விடத்தில் ‘ஃபார்ஈச்’ என்னும் கட்டளையை எழுதிச் சரிசெய்தோம். ஒத்திகை இன்றேல், இவ்வெள்ளைத் திரையை வாசகரன்றோ கண்டிருப்பர்?

மூன்றாவதே உண்மையான பணி. டெபியனில் ஒரு பதிப்பிலிருந்து அடுத்த பதிப்பிற்கே செல்ல வேண்டும். இடையில் ஒன்றைத் தாண்டுதல் கூடாது. நெசவாளர் இதனை எளிதில் உணர்வர். பாவு தீருங்கால், பழைய பாவின் முனைகளை அறுத்தெறியாமல், புதிய பாவின் இழைகளை அவற்றோடு வரிசை பிறழாது ஒவ்வொன்றாக முடிந்தன்றோ இணைக்கிறோம்? ஞாயிற்றுக்கிழமை காலையில் தொடங்கினோம். பணி நடுவில் இருக்கையில் வீட்டில் மின்சாரம் நின்று, இணையத் தொடர்பும் அறுந்தது. ஆயினும் ‘ஸ்கிரீன்’ என்னும் சிறு மென்பொருளுக்குள் வேலையைத் தொடங்கியிருந்தமையால், நாம் இல்லாதபோதும் அது சர்வரில் தொடர்ந்து நடந்துகொண்டேயிருந்தது. பிற்பகலில் எல்லாம் நிறைவுற்றது. பழைய கட்டுரைகள் சிலவற்றைத் திறந்து படித்து, படங்களைப் பார்த்து, புதிதாக ஒன்றை எழுதிச் சேமித்து, யாவும் செவ்வனே உள்ளன எனத் தெளிந்தோம்.

மென்பொருளுக்கென நாம் ஒரு காசும் செலவிடவில்லை. டெபியன் 1993ஆம் ஆண்டு இயன் மர்டாக் என்பவரால் தொடங்கப்பட்டு, உலகெங்குமுள்ள தொண்டர்களால் பேணப்படுவது. அதனை அடித்தளமாகக் கொண்டே சென்னையிலுள்ள சிடாக் நிறுவனத்தார், தமிழ் முதலிய இந்திய மொழிகளில் இயங்கும் பாஸ் லினக்ஸை 2007ஆம் ஆண்டு வெளியிட்டனர். இதுவும் ஒருவகைக் கூட்டுறவே எனில் மிகையாகாது. ஆதலின் தாமே செய்தல் என்பது தனியே செய்தல் ஆகாது. வழியறிந்தோர் எழுதி வைத்த குறிப்புகளை முதலில் முழுவதும் படித்து, பின்னர் கைவைப்பதே முறை.

மாதம் ஒருமுறையேனும் இதற்கு நேரம் ஒதுக்க இயலாதவர், கட்டணம் பெற்றுப் பராமரிப்போரிடம் ஒப்படைத்தலில் இழுக்கில்லை. ஆனால் நகலை மட்டும் தம்மிடம் வைத்திருத்தல் வேண்டும். இது பக்கம் நடத்துவோர்க்கு மட்டுமன்று. சங்கக் கணக்கைக் கணினியில் வைத்திருக்கும் காரியதரிசிகளுக்கும் பொருந்தும். அங்கத்தினர் பெயர்களும் தமிழிலன்றோ உள்ளன? ஆகையால், இம்மாதமே இருவராக அமர்ந்து, இருக்கும் நகலை வேறொரு கணினியில் ஏற்றிப் பாருங்கள். ஏற்றிப் பாராத நகல், எண்ணிப் பாராத பணத்தை ஒக்கும்.