இரைச்சலுக்கு அடியில் ஒரு செய்தி

0.2 வாட் திறனில் சிற்றலையில் அனுப்பிய செய்தியைப் பல ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் ஹாம் ரேடியோ அன்பர்கள் பிடித்துவிடுகிறார்கள். காதில் விழுவதோ வெறும் 'உஸ்' என்ற இரைச்சல்தான். செய்தி அதற்கு அடியில் கிடக்கிறது.

இதற்கு வழி செய்தவர் ஜோ டெய்லர். நியூஜெர்சியில் சிறுவனாக இருந்தபோது சகோதரனோடு சேர்ந்து வீட்டுக் கூரைமேல் ஆன்டெனா நட்டு, செங்கல் புகைபோக்கியைப் பெயர்த்துவிட்ட ஹாம் அவர். வளர்ந்து வானியலாளரானார். 1974-இல் ரஸ்ஸல் ஹல்ஸுடன் சேர்ந்து, இன்னொரு விண்மீனோடு இணையாகச் சுற்றும் ஒரு பல்சாரை, அதாவது சீரான ரேடியோத் துடிப்புகளை அனுப்பும் விண்மீனைக் கண்டறிந்தார். 1993-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. பல்சாரின் ஒற்றைத் துடிப்பு பெரும்பாலும் இரைச்சலில் மூழ்கிப்போகும். துடிப்பின் கால இடைவெளி தெரிந்துவிட்டால் ஆயிரக்கணக்கான துடிப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கூட்டலாம். துடிப்பு ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் விழுந்து வளரும். இரைச்சல் ஏறியும் இறங்கியும் அலைவதால் பின்தங்கிவிடும்.

டெய்லர் 2008-இல் தந்த 'விஸ்பர்' முறையும் இப்படிப் பொறுமையை நம்புவதுதான். இரட்டைப்படை நிமிடம் பிறந்ததும் ஒலிபரப்பு தொடங்கும். எப்போது கேட்க வேண்டும் என்பது வாங்கிக்கு முன்பே தெரியும். அழைப்புக் குறி, இருப்பிடம், திறன் ஆகிய மூன்றும் 50 பிட்டுகளில் அடங்கிவிடும். அவற்றை 162 குறியீடுகளாக விரித்து, வரிசையைக் கலைத்து, ஏறத்தாழ 110 விநாடி நிதானமாக அனுப்புகிறார்கள். நடுவில் சில குறியீடுகள் அழிந்தாலும், தப்பியவற்றைக்கொண்டு கணினி முழுச் செய்தியையும் மீட்டுவிடும். அலைவரிசையில் இதற்கு வேண்டிய அகலம் 6 ஹெர்ட்ஸ்தான். பேச்சுக்கோ சுமார் 2,500 ஹெர்ட்ஸ் வேண்டும். பேச்சின் அகலத்தில் உள்ள இரைச்சலில் ஏறக்குறைய 600-இல் ஒரு பங்கே இருக்கும் சமிக்ஞையைக்கூட இது படித்துவிடும். திறனைக் கூட்டுவதற்குப் பதில் நேரத்தைச் செலவிடுவது என்ற இந்தப் பேரத்தைவிட அழகான ஒன்றை நான் வானொலியில் கண்டதில்லை.

ஹாம் சமிக்ஞைகளை ஓயாமல் பதியும் தானியங்கி நிலையங்கள், சிற்றலைகளை வளைத்துத் திருப்பும் அயனி மண்டலத்துக்கே ஒரு கண்காணிப்பு வலையாகிவிட்டன. 2017 ஆகஸ்ட் 21 அன்று அமெரிக்காவைச் சூரிய கிரகணம் கடந்தபோது, ஹாம்களின் தொடர்புகளை அந்நிலையங்கள் பதிந்தன. நிழல் விழுந்ததும் அயனி மண்டலத்தில் எலக்ட்ரான்கள் குறைந்தன. 14 மெகாஹெர்ட்ஸ் அலைகளை வளைத்துத் திருப்ப அதற்கு வலுவில்லாமல் போகவே, அந்த அலைவரிசை தளர்ந்தது. பகலில் கீழடுக்கு விழுங்கிவிடும் 3.5 மெகாஹெர்ட்ஸோ அந்த இடைவேளையில் இரவைப்போல் நெடுந்தூரம் போனது.